செம்பருத்திக்கு மருந்து வாங்கும் முன்

பெங்களூரில் மொட்டைமாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்பும் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: செம்பருத்திக் கொழுந்தில் வெள்ளைப் பஞ்சு. கூடவே, "கடையில மருந்து குடுத்தாங்க, அடிச்சிட்டேன்" என்று ஒரு வரி. என்ன மருந்து என்று கேட்டால் தெரியாது. லேபிள் இல்லாத குடிநீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருப்பார்கள். அந்த வீட்டிலேயே தவழும் குழந்தையும் இருக்கும்.

அந்தப் பஞ்சு மாவுப்பூச்சி. அதைச் சுமந்து பரப்புவது எறும்பு. எனவே முதலில் எறும்பு ஏறும் வழியை மறியுங்கள். மோசமான கொழுந்தை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பிறகு வேம்பு சோப்புக் கரைசல். இந்தச் சோப்பை உருவாக்கியது ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். பொட்டலத்தில் போட்ட அளவில் கலந்து, வெயில் தாழ்ந்தபின், வாரம் ஒருமுறை அடியுங்கள். ஒரே நாளில் போகாது, பொறுமை வேண்டும். இலை மஞ்சளாவதற்கும் மருந்து தேடி ஓடுகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் தண்ணீர் வடியும் தொட்டித் துளை அடைத்திருப்பதுதான் காரணம்.

இன்னொன்று. வெள்ளை இழைகளோடு வேகமாக ஓடும் புழுவைக் கண்டால் நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. 2008இல் கோவையில் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியிலும் வாழும். மருந்துக்கு மசியாத அதை அடக்கியது, 2010இல் பெங்களூரிலேயே உள்ள வேறொரு ஆராய்ச்சி நிலையம் வரவழைத்த சிறு குளவி. கண்டதை அடித்தால் இந்தக் குளவியும் செத்துப்போகும்.

இனி கடை. லேபிள் இல்லாமல் பூச்சிமருந்து விற்பது 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி குற்றம். உரிமம் கடையில் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிமருந்துக்கு 2020 டிசம்பர் 31 முதல் முழுத்தடை. பழைய பாட்டிலைத் தந்தால் வாங்காதீர்கள். லேபிளில் சாய்சதுரம் இருக்கும்: சிவப்பு என்றால் கடும் விஷம், அது வீட்டுத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். பில் வாங்குங்கள். மறுபடியும் சொல்கிறேன், பில் வாங்குங்கள். அது இல்லாமல் உங்கள் புகார் வெறும் வாய்ச்சொல்.

புகாரை பெங்களூர் நகர மாவட்ட வேளாண்மை இணை இயக்குநருக்கு எழுதுங்கள். பில், பாட்டிலின் படம், கடை முகவரி, வாங்கிய தேதி நான்கும் வேண்டும். ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். "அப்புறம் வாங்க" என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பணம் திரும்பவோ இழப்பீடோ வேண்டுமானால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள், இ-ஜாக்ரிதி தளத்திலேயே மனு போடலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 108ஐ அழையுங்கள், பாட்டிலையும் எடுத்துப் போங்கள். லேபிள் இல்லாவிட்டால் எந்த விஷம் என்று டாக்டருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டில் சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கிறதா? இன்றே பூட்டி வையுங்கள். பிறகு சாக்கடையில் ஊற்றாமல், அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாகக் குப்பை வண்டியில் கொடுங்கள்.