தொண்ணூறிலும் தசை வளரும்

நாற்காலியினின்று எழக் கைப்பிடி வேண்டுமெனில், அஃது அகவையின் குற்றமென்று பலர் அமைந்துவிடுகின்றனர். அத்தளர்ச்சி முழுதும் மூப்பால் வந்ததா, உழைப்பின்மையும் அதிற் பங்கு கொண்டதா என்பதே ஆராயத்தக்கது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் மரியா பியாட்டரோன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இதனை ஆய்ந்து, 1990ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஆய்வுக்கு இசைந்தோர் பதின்மர். சராசரி அகவை 90. காலால் எடையை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியை அவர்கள் 8 வாரம் பயின்றனர். எடையும் பெயரளவினதன்று, ஒருவர் ஒரே முறை தூக்கவல்ல பேரெடையில் நூற்றுக்கு 80 பங்கு! இடையில் விலகியவர் ஒருவரே.

கால்வலிமை சராசரி 174 விழுக்காடு மிகுந்தது. அஃதாவது, முன்னிருந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டேமுக்கால் மடங்கு. தொடைத்தசையோ 9 விழுக்காடே பெருகியது. தசை சிறிது வளர, வலிமை இத்துணை கூடியது எங்ஙனம்? வாளாகிடந்த தசையிழைகளை ஏவ நரம்புகள் மீண்டும் பழகின என்க.

காலை நடை நன்றே. ஆயினும், அது நெஞ்சுக்கும் மூச்சுக்கும் உதவுமளவு தொடைக்கு வலிமை தருவதில்லை. நம் ஆசிரியப் பெருமக்கள் எடைக்கருவி தேடவேண்டா. கையூன்றாது நாற்காலியினின்று பத்துமுறை எழுந்தமர்ந்து தொடங்கலாம். நெஞ்சுநோயுடையார் முன்னரே மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

இன்னொன்று: பயிற்சி நின்ற 4 வாரத்தில், பாஸ்டன் முதியோரின் வலிமை 32 விழுக்காடு குறைந்துவிட்டது.