ஒப்படைக்கப்பட்ட பணமும் ஒப்புதல் கடிதமும்

நாமக்கல்லில் லாரி உரிமையாளர் வடநாட்டுக்கு வண்டியை அனுப்புகையில் டீசலுக்கும் பேட்டாவுக்கும் ஓட்டுநர் கையில் பணம் கொடுத்தனுப்புகிறார். சேலத்தில் கொலுசுப் பட்டறைக்கு வெள்ளி எடைபோட்டுக் கொடுக்கப்படுகிறது. கோழிப்பண்ணையின் வசூல்காரர் முட்டைப் பணத்தைப் பையில் சுமந்து வருகிறார். நமது சபையாரில் பலர் இத்தகைய வேலைகளில் இருப்பவர்கள். கணக்குக் குறைந்து முதலாளி காவல் நிலையத்துக்குப் போகும் நாளில், அவர்கள் வக்கீலைத் தேடுமுன் போதகரைத் தேடி வருகிறார்கள். ஆகையால் இக்குற்றத்தைக் குறித்துச் சட்டம் கூறுவதைப் போதகரும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

சட்டம் இதனைச் சாதாரணத் திருட்டோடு சேர்ப்பதில்லை. முதலாளியின் வசமுள்ள பெட்டியிலிருந்து சிப்பந்தி எடுப்பது திருட்டு. நம்பித் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதோ நம்பிக்கை மோசடி. லேவியராகமம் ஆறாம் அதிகாரமும் ஒப்புவிக்கப்பட்ட பொருளில் வஞ்சனை செய்வதைத் தனியாக எடுத்துரைப்பதை வாசகர் அறிவர். வேலையாள் செய்யும் நம்பிக்கை மோசடி இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 408ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4) ஆயிற்று. அத்தேதிக்கு முன் நிகழ்ந்தவற்றுக்குப் பழைய பிரிவே பொருந்தும். இரண்டிலும் தண்டனை ஏழாண்டு வரை சிறை. வாரண்டு இன்றிக் கைது செய்யலாம். ஜாமீன் நீதிமன்றத்தின் தீர்மானத்தைப் பொறுத்தது.

“திருப்பி வைத்துவிடலாமென்றே எடுத்தேன்” என்று கண்ணீரோடு சொல்லுகிறவர்கள் உண்டு. தற்காலிகமாகக் கையாடுவதும் கையாடலே என்பது சட்டத்தின் விளக்கம். மறுபுறம், கணக்கில் குறைவு காணப்பட்ட மாத்திரத்தில் குற்றம் நிரூபணமாகிவிடுவதில்லை. வழியில் தொலைந்த பணம், எழுத மறந்த செலவு, சேதாரத்தைப் பற்றிய தகராறு ஆகியவை நேர்மையற்ற எண்ணம் இல்லாவிடில் குற்றமாகா. எனினும், கணக்குக் கொடாமலிருப்பதிலிருந்தும் பொய்க்கணக்குக் கொடுப்பதிலிருந்தும் அவ்வெண்ணத்தை ஊகிக்கலாம் என்று ஜெய்கிருஷ்ணதாஸ் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960இல் தீர்ப்பளித்தது.

இங்கே நமது தவறு ஒன்றையும் ஒளியாமல் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நமது சபையைச் சேர்ந்த குமாஸ்தா ஒருவர் வசூல் பணத்தில் ஒரு பகுதியைத் தம் மகளின் வைத்தியத்துக்குச் செலவிட்டுவிட்டார். நாம் அவரை முதலாளியிடம் அழைத்துச் சென்றோம். இரவு பத்து மணி வரை பேசி, ஒப்புதல் கடிதம் ஒன்றை நாமே எழுத, அவர் கையொப்பமிட்டார். தொகையை முதலாளியின் கணக்கர் சொல்லச் சொல்ல எழுதினோம். அது அவர் எடுத்ததைவிட அதிகம். மனந்திரும்புதலின் கனி என்று எண்ணி வீடு திரும்பினோம். மறுவாரம் அக்கடிதம் காவல் நிலையத்தில் இருந்தது.

காவலரிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு விரோதமாக நிரூபிக்க முடியாது. ஆனால் மற்றவர்களுக்கு மனமுவந்து எழுதிக்கொடுத்தது சாட்சியமாகக்கூடும். அதிகாரமுடையவர் மிரட்டியோ ஆசைகாட்டியோ பெற்றதாகத் தோன்றினால் நீதிமன்றம் அதைத் தள்ளும். அந்த வாதத்தையோ எதிரிதான் எழுப்பவேண்டும். இன்னொன்று நம்மில் அநேகர் அறியாதது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்லும் இரகசியத்துக்கு நமது சாட்சியச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. போதகரிடம் சொல்வதற்கு அத்தகைய பாதுகாப்பு அதில் இல்லை. நீதிமன்றம் சாட்சியாக அழைத்தால் நாம் போகவேண்டியவர்களே. பாவ அறிக்கையைக் கேட்க மறுக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கேட்குமுன் இதனை அவருக்குச் சொல்லிவிடுவது நேர்மை. தொகையையும் தேதியையும் விவரிக்குமுன் அவர் வக்கீலைப் பார்க்கட்டும். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைத் தடுக்கிறோமென்று எவரும் எண்ணலாகாது. சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்த முன்வந்தான். ஆனால் அவ்விதம் செலுத்துவது நடந்த குற்றத்தை அழிப்பதில்லை. வழக்குப் பதிவானபின் முதலாளி தாமாக அதைத் திரும்பப் பெறவும் இயலாது. நீதிமன்றத்தின் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். ஆகவே கொடுப்பதை வக்கீல் மூலம், இரசீதோடு கொடுப்பதே முறை.

நமது குமாஸ்தாவின் வழக்கு இறுதியில் அவ்வாறே முடிந்தது. அதற்குள் நான்கு ஆண்டுகளும் வீட்டு நகைகளும் போயின. பின்னொரு நாள் காணிக்கை எண்ணும் குழுவில் அவரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. சபைக் குழுவில் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. முடிவில், போதகர் உட்பட எவரும் தனித்து எண்ணலாகாது என்று விதி ஏற்படுத்தி, அவரையும் சேர்த்துக்கொண்டோம்.