மூட்டு வலிக்கு மருந்தாகும் செங்காந்தள்!
தானாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து

நள்ளிரவு. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவர், "அம்மா!" என்று அலறி எழுகிறார்.

கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி இருக்கிறது. போர்வை பட்டாலும் உயிர் போகிறது.

அடிபடவில்லை. தேளும் கொட்டவில்லை. இதுதான் "கவுட்" என்னும் மூட்டு நோய்.

இந்த வலிக்கு ஒரு மருந்து உண்டு. அதற்கு வேண்டிய சரக்கு, திண்டுக்கல் சீமையிலேயே விளைகிறது!

ஒட்டன்சத்திரம் தோட்டங்களில்

தீ எரிவதுபோல் பூக்கும் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். உழவர்கள் அதைக் "கண்வலிக்கிழங்கு" என்பார்கள்.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் இதைப் பயிர் செய்கிறார்கள். காய் நன்றாகப் பிடிக்க, ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவில் கையாலேயே தொட்டு வைக்கிறார்கள்.

விதை வெளிநாடுகளுக்குப் போகிறது. அதிலிருந்து "கோல்ச்சிசின்" என்ற மருந்தை எடுக்கிறார்கள்.

நோய் வருவது ஏன்?

நம் உடலில் யூரிக் அமிலம் என்ற கழிவு உண்டாகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. வெளியேறாமல் மிஞ்சினால், ஊசி ஊசியாக மூட்டில் படிகிறது. அதனால்தான் அந்த வலி!

ஈரல், சுவரொட்டி, நெத்திலி, மது ஆகியவை யூரிக் அமிலத்தைக் கூட்டும். ஆனால், சாப்பாடு மட்டுமே காரணம் அல்ல. பரம்பரையாகவும் வரலாம். சிறுநீரகக் கோளாறாலும் வரலாம்.

கூட வரும் நோய்கள்

கவுட் உள்ளவர்களில் பலருக்கு ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, சிறுநீரகக் கல் ஆகியவையும் இருக்கும். ஆகவே அவற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கோல்ச்சிசின் வீக்கத்தையும் வலியையும் தணிக்கும். யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அதற்கு "அலோபூரினால்" போன்ற வேறு மருந்துகள் உண்டு. ரத்தத்தில் யூரிக் அமிலம் 6 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வலி நின்றதும் மருந்தை நிறுத்தினால், நோய் திரும்பி வரும்.

எச்சரிக்கை!

"மருந்துதான் தோட்டத்தில் இருக்கிறதே" என்று விதையையோ கிழங்கையோ யாரும் வாயில் வைக்கக் கூடாது. முதலில் வாந்தியும் பேதியும் வரும். பிறகு உயிரே போகும். குழந்தைகள் கைக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். தெரியாமல் யாராவது தின்றுவிட்டால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

டாக்டர் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் கோல்ச்சிசின். ஒரு துண்டுக் கிழங்கில் இருப்பது எவ்வளவு?

கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது!