உப்புக் காற்று தின்னும் சைலன்சர்!

பழவேற்காடு குப்பங்களில் பழைய கார்கள் படும் பாடு: கைக்காசுக்குள் காரியத்தை முடிப்பது எப்படி?

பழவேற்காடு-

ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் கிளம்பினால் இங்கே இடி உருண்டு வருகிற மாதிரி சத்தம் கேட்கும். அது என்றைக்கோ ஒரு நாள்.

ஆனால் விடிகாலையில் மீன் ஏற்றும் நேரத்தில் ஊரையே எழுப்புகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறதே, அது என்ன? ராக்கெட் அல்ல. சைலன்சர் ஓட்டையான பழைய கார்!

"இன்னாண்ணே, டிராக்டர் வாங்கிட்டியா?" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். வண்டிக்காரரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். "சத்தம்தானே? ஓடுற வரைக்கும் ஓடட்டும். இறால் நல்லா கிடைச்சா பார்த்துக்கலாம்."

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சத்தம் காதோடு போய்விடும். ஓட்டை வழியாக வருகிற இன்னொன்று உயிரோடு விளையாடும்!

ஏன் இங்கே மட்டும் சீக்கிரம்?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று கரையெல்லாம் மீனவர் குப்பங்கள். ஒரு பக்கம் ஏரி. மறுபக்கம் வங்கக் கடல். நடுவில் ஓடுகிற வண்டிக்கு உப்புக் காற்றிலிருந்து தப்ப வழி ஏது?

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் இருக்கிற ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே பெய்யாவிட்டாலும் இரும்பு நனைந்தபடியே இருக்கும். சமையல்கட்டு உப்புச் சாடியைப் பார்த்தாலே இது புரியும். ஆகவே வெளியிலிருந்து துரு.

உள்ளேயிருந்தும் துரு வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி சைலன்சர் வழியாக வெளியே போகிறது! தூரமாக ஓட்டினால் குழாய் சூடேறி அது காய்ந்துவிடும். ஏலக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஒரு கிலோமீட்டர், கடைக்கு அரை கிலோமீட்டர் என்று ஓட்டினால் அந்தத் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். உள்ளே தண்ணீர், வெளியே உப்பு. தகடு என்ன செய்யும்?

போதாக்குறைக்கு மீன் பெட்டி. ஐஸ் உருகி உப்போடு ஒழுகுகிற தண்ணீர், சூடான சைலன்சர் மேலேயே சொட்டும். தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

தலைவலியா? மாத்திரையைத் தேடாதே!

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. நிறம் இல்லை. வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடிக்கும்.

முதலில் தலைவலி. பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம். ராத்திரி முழுக்க வலை போட்டுவிட்டு வண்டி எடுப்பவர், "தூக்கம் கெட்டுப்போச்சு, அதான்" என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அடுத்தது மயக்கம்தான்.

வண்டியில் ஏறினால் எல்லோருக்கும் தலைவலி, இறங்கினால் சரியாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். குற்றவாளி சைலன்சர்! உடனே கண்ணாடிகளை இறக்கி, வண்டியை நிறுத்தி, எல்லோரும் காற்றோட்டமாக வெளியே வந்துவிட வேண்டும். மயக்கம் இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

இன்னொரு ஆபத்து டிக்கி. வலை மூட்டையும் ஐஸ் பெட்டியும் உள்ளே அடங்கவில்லை என்று டிக்கியைத் திறந்தபடி கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு பொன்னேரிக்குக் கிளம்புகிறோம். வண்டி ஓடும்போது பின்பக்கம் காற்று சுழன்று, டெயில் பைப் புகையைத் திறந்த டிக்கி வழியாக உள்ளே இழுத்துவிடும். சைலன்சர் புதிதாக இருந்தாலும் இது நடக்கும்! ஓட்டையும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டாம்.

ஆம்னி வேன் வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அதில் எஞ்சினே முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. மேனிஃபோல்டு பேக்கிங் போனால் புகை நேராக சீட்டுக்குக் கீழே!

ஓட்டையைப் பிடிப்பது எப்படி?

காசு செலவில்லாத வைத்தியம் இது. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் தடித்த ஈரத்துணியால் டெயில் பைப்பை இரண்டு மூன்று விநாடி அடைத்துப் பிடிக்கட்டும். இன்னொருவர் குனிந்து காது கொடுத்துக் கேட்கட்டும். எங்கே "உஸ்" என்று சத்தம் வருகிறதோ அங்கே ஓட்டை.

பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஜாயின்ட்களில் கரி படிந்திருந்தால் அங்கே கசிவு. ஸ்குரூடிரைவர் பிடியால் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். "டங்" என்றால் தகடு நல்லது. "பொத்" என்றால் உள்ளே பொடியாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். மணலில் ஜாக்கி சாயும். பட்டறைக் குழி இல்லாவிட்டால் கெட்டியான தரையில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துத்தான் குனிய வேண்டும்.

கைக்காசு வைத்தியம்

எல்லா ஓட்டைக்கும் புது சைலன்சர் தேவையில்லை. செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ரப்பர். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் அறுந்தால் பெட்டி ஆடி ஆடி வெல்டிங்கை உடைக்கும். பல வண்டிகளில் வியாதியின் ஆரம்பமே இந்தச் சின்ன ரப்பர்தான். கம்பி போட்டுக் கட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். கம்பிக்கு நெளிவு கிடையாது, குழாயைத்தான் உடைக்கும்.

அடுத்தது பேக்கிங். மேனிஃபோல்டு, ஜாயின்ட் பேக்கிங் போனால் அதை மட்டும் மாற்றலாம். துருப்பிடித்த போல்டை முரட்டுத்தனமாகத் திருகினால் உடைந்து, அதை எடுக்கவே தனிச் செலவு ஆகும். முதல் நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவையுங்கள். திரும்பப் போடும்போது மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட்டு போட்டால் அடுத்த தடவை சுலபமாகக் கழலும்.

மூன்றாவது, ஊசி ஓட்டை. சைலன்சருக்கென்றே சூடு தாங்கும் பேஸ்ட்டும் சுற்றுகிற பட்டையும் கடைகளில் கிடைக்கின்றன. துருவைச் சுரண்டிவிட்டுப் பூச வேண்டும். இது தற்காலிகம்தான். குழாய்த் தண்ணீர் ஒழுகலுக்குப் பூசுகிற சாதாரண பேஸ்ட் இந்தச் சூட்டுக்கு நிற்காது.

நான்காவது, வெல்டிங். ஓட்டையைச் சுற்றி நல்ல தகடு இருந்தால்தான் ஒட்டு நிற்கும். அப்பளம் மாதிரி ஆன தகட்டில் பற்றவைத்தால் ஓட்டை இன்னும் பெரிதாகும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் வைப்பதே லாபம். பற்றவைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் டாங்கியும் பிரேக் குழாயும் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் கிடக்கிறதே என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தண்ணீர்க் குழாயைக் கொடுக்காதீர்கள். அதைப் பற்றவைத்தால் கிளம்புகிற புகையில் வெல்டருக்கு ஜுரம் வரும்.

இன்னொரு ரகசியம்! பல சைலன்சர் பெட்டிகளின் அடியில் கம்பெனியே ஒரு சின்னத் துளை வைத்திருக்கும். உள்ளே தேங்கும் தண்ணீர் வடிவதற்காக அது. "ஓட்டை இருக்குதுபா" என்று அதையும் அடைத்துவிட்டால் பெட்டியின் ஆயுள் பாதி!

புதுப்பேட்டை போனால்...

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. மாருதி 800-ம் அதே ஆண்டு. ஆம்னி 2019-ல். கம்பெனி நிறுத்தினாலும் சாமான் நிற்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பழைய வண்டிச் சாமான் கிடைக்கும்.

பழைய சைலன்சரை வாங்கும்போது கையில் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே "கலகல" என்றால் தடுப்புத் தகடு உடைந்திருக்கிறது. வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். தையல் ஓரத்தை விரல் நகத்தால் சுரண்டுங்கள். பெயிண்டுக்கு அடியில் துரு உதிர்ந்தால் அதுவும் வேண்டாம்.

காசு கொஞ்சம் கூட இருந்தால் அலுமினியம் பூசிய தகடு நல்லது. வெல்டிங் போட்ட இடத்தில் பூச்சு எரிந்துபோகும். அங்கே சூடு தாங்கும் அலுமினியப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்கும் மேலே எவர்சில்வர். அதிலும் ரகம் உண்டு. காந்தம் ஒட்டுகிற 409 ரகம் உப்புக் காற்றில் மேலாகத் துரு காட்டும். காந்தம் ஒட்டாத 304 ரகம் கூடுதலாகத் தாங்கும். அதற்கு எவர்சில்வர் ராடு வைத்துப் பற்றவைக்கிற கை வேண்டும். வண்டியை இன்னும் பல வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறவருக்குத்தான் இந்தச் செலவு கட்டும்.

"பவர்" ஆசை வேண்டாம்!

சில வாலிபர்கள், "மச்சான், பெட்டியை எடுத்துட்டு வெறும் பைப் போட்டா பிக்கப் எகிறும்" என்று ஆசை காட்டுவார்கள். பழைய எஞ்சினுக்கு இதனால் எகிறுவது சத்தம் மட்டுமே! சைலன்சர் இல்லாமல் வண்டி ஓட்டக்கூடாது என்பது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி. புகை, சத்தம் சம்பந்தமான குற்றத்துக்கு 2019 திருத்தச் சட்டப்படி 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சைலன்சர் செலவை மிச்சம் பிடிக்கப் போய் இது தேவையா?

சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-ல் புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. உங்கள் காரில் அது இருந்தால் பத்திரம். "இது அடைச்சிருக்குது சார், எடுத்துடலாம். நானே எடுத்துக்கிறேன்" என்று யாராவது அக்கறை காட்டினால் யோசியுங்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. நீங்கள் வெல்டிங் கூலியை மிச்சம் பிடித்ததாக நினைப்பீர்கள். லாபம் அவருக்கு! புகை சர்டிபிகேட் எடுக்கும்போது கஷ்டம் உங்களுக்கு!

இஞ்செக்ஷன் எஞ்சின் கார்களில் இன்னொன்று. சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றும். அது "பெட்ரோல் போதவில்லை" என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றச் சொல்லும். பேக்கிங்குக்குக் கொடுக்காத காசு பங்க்கில் போகும்.

நல்ல தண்ணி காட்டுங்கள்

குடிக்கவே நல்ல தண்ணீருக்கு அலைகிற இடத்தில் காருக்குமா என்று கேட்கலாம். மேலே பளபளவென்று துடைப்பதை விடுங்கள். இரண்டு குடம் தண்ணீரை வாரம் ஒரு முறை வண்டியின் அடிப்பக்கம் அடியுங்கள். ஏரித் தண்ணீர் ஏறிய ரோட்டில் போய்வந்தால் அன்றைக்கே அடியுங்கள். சைலன்சர் ஆறிய பிறகுதான் அடிக்க வேண்டும்.

மீன் பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, ஒழுகும் தண்ணீரைச் சின்ன டியூப் போட்டுச் சைலன்சருக்கு அப்பால் வடியவிடுங்கள். வாரம் ஒரு முறையாவது நிற்காமல் பொன்னேரி வரை ஓட்டிவிட்டு வாருங்கள். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஓடினால் பெட்டிக்குள் இருக்கிற தண்ணீர் காய்ந்துவிடும்.

பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடிப்போய்க் கேட்ட விலைக்கு சைலன்சர் வாங்குவதைவிட, இப்போதே குனிந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

படகில் ஓட்டை விழுந்தால் எந்த மீனவராவது "சீசன் வரட்டும், பார்த்துக்கலாம்" என்பாரா? அன்றைக்கே அடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பயம். புகை தெரிவதில்லை, அதனால் அலட்சியம்.

பிள்ளைகளைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் குனிந்து காது கொடுங்கள். "உஸ்" என்று கேட்டால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்!