உஷார்! ரெகுலேட்டரைப் பட்டறையில் கழற்றாதீர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எது கெட்டாலும் கம்பெனிக்குப் போன் செய்யத் தோன்றாது. "நம்ம பட்டறையில குடு, அரை மணியில முடிச்சுடுவாரு" என்போம். கிரைண்டருக்கும் பைக்குக்கும் அந்தப் புத்தி சரி. கடலுக்கடியில் மூச்சுவிட வைத்திருக்கும் ஸ்கூபா சாமானுக்கு வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். மழைக்காலம் முடிந்து நீலாங்கரையிலும் புதுச்சேரியிலும் கடல் தெளிகிற நேரத்தில்தான் பரணில் கிடந்த, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரெல்லாம் கீழே இறங்கும். இறங்கியது நேரே பட்டறைக்குப் போவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

ஆவடி பருத்திப்பட்டில் இருக்கும் என் அண்ணன் மகனின் ரெகுலேட்டர் ஒருநாள் வாயில் வைக்காமலே 'புஸ்ஸ்' என்று காற்றை விட ஆரம்பித்தது. டீலரிடம் கேட்டால் சர்வீஸுக்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். "சித்தப்பா, உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?" என்றான். எனக்கா ஆள் தெரியாது! கம்ப்ரசர் வால்வு பார்க்கும் ஒரு பட்டறைக்கு நானே கூட்டிப்போனேன். பட்டறை அண்ணன் நல்ல வேலைக்காரர். ரெகுலேட்டரை வைஸில் இறுக்கி, கூர் ஊசியால் பழைய ஓ-ரிங்கைத் தோண்டி எடுத்தார். பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒன்றைப் பொறுக்கி, வெர்னியரில் அளந்து, "சைஸ் கரெக்ட்டு" என்றார். பேரிங் கிரீஸை விரலில் வழித்துத் தடவி மூடினார். சத்தம் நின்றது. முந்நூறு ரூபாய். பில் கிடையாது. பெருமையாக டீ குடித்துவிட்டு வந்தோம்.

கடலுக்குப் போகும் முன் டைவ் சென்டரின் டெக்னீஷியன் அதில் ஒரு கேஜை மாட்டிப் பார்த்தது எங்கள் நல்ல நேரம். ஒன்பது, பத்து பாரில் அசையாமல் நிற்க வேண்டிய முள் பதினொன்று, பன்னிரண்டு என்று நகர்ந்துகொண்டே போனது. பிரித்துப் பார்த்தால், காற்றை அடைக்கும் சீட்டில் அந்த ஊசி போட்ட கீறல். உள்ளே வேறு இடங்களில் இருந்த ஈபிடிஎம் ரப்பர் ரிங்குகள் கிரீஸ் பட்டு உப்பியிருந்தன. வெளியே குரோமில் வைஸின் பல்தடம். போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினோம். பதில் ஒரே வரி: அங்கீகாரம் இல்லாதவர் பிரித்திருக்கிறார், வாரண்டி செல்லாது.

பணம் போனது பெரிதல்ல. நிறைந்த சிலிண்டருக்குள் சுமார் 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் ஏறக்குறைய 2 பார். அந்த 200-ஐ ரெகுலேட்டரின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஒன்பது, பத்துக்கு இறக்குகிறது. வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ் அதை நாம் மூச்சிழுக்கும் அளவுக்குத் தணிக்கிறது. 20 மீட்டர் ஆழத்தில் அது திறந்துகொண்டு கொட்டினால், சில நிமிடங்களில் சிலிண்டர் காலி. பதறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடினால் அதைவிட மோசம்: அந்த ஆழத்தில் நுரையீரலில் இருந்த காற்று மேலே வரும்போது மூன்று மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த நைட்ராக்ஸ் அடிக்கிறவர்களுக்கு இன்னொன்று. எண்ணெய் கிரீஸும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அதற்கென்றே தனி கிரீஸ் இருக்கிறது, பிஸ்கட் டப்பாவில் கிடைக்காது.

இதில் ஒரு வேடிக்கை. 1943-ல் கடலாய்வாளர் கூஸ்தோவோடு சேர்ந்து இந்தக் கருவியை உருவாக்கிய எமில் காக்னன், போர்க்காலத்தில் கேஸில் ஓடிய கார்களுக்கான ரெகுலேட்டரைத்தான் இதற்குத் தோதாக மாற்றினார். ஒரு வகையில் பட்டறை மூளைதான். ஆனால் அவர் அதைச் சோதித்துப் பார்த்துச் செய்தார். நாம் முந்நூறு ரூபாயில் முடிக்கப் பார்க்கிறோம்.

சிலிண்டர் விஷயம் தனி. ஆவடியில் போய் "டாங்க் ரிப்பேர்" என்றால் பீரங்கி வண்டித் தொழிற்சாலைக்கு வழி காட்டுவார்கள், அது போகட்டும். சிலிண்டரின் பெயின்ட் உரிந்துவிட்டது என்று பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். அம்பத்தூரில் தடுக்கி விழுந்தால் பவுடர் கோட்டிங் யூனிட். அந்த அடுப்பின் 180, 200 டிகிரி சூட்டில் அலுமினியம் வலுவிழக்கும். வெளியே பளபள, உள்ளே பலவீனம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் தோளில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். 1990-க்கு முந்தைய அமெரிக்க அலுமினிய சிலிண்டர்கள் பலவற்றில் இருந்த 6351 என்ற உலோகக் கலவை, கழுத்தில் விரிசல் விடுவதற்குப் பேர்போனது. அழுத்தச் சோதனையை வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோ அங்கீகரித்த நிலையத்தில்தான் செய்ய வேண்டும். அங்கே தண்ணீர் நிரப்பிச் சோதிப்பார்கள். தண்ணீர் அமுங்காது, அதனால் சிலிண்டர் பிளந்தாலும் சிதறாது. அழுத்தி அடைத்த வாயு அப்படியல்ல. 2022 அக்டோபர் 2 அன்று திருச்சியில் பலூன்காரரின் ஹீலியம் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார், பலர் காயம்பட்டார்கள். மே மாத வெயிலில் கார் டிக்கியில் நிறைந்த சிலிண்டரை வைத்துவிட்டு பூந்தமல்லி டிராஃபிக்கில் நிற்பவர்களே, 30 டிகிரி சூடு ஏறினால் உள்ளே சுமார் 20 பார் கூடும்.

'லைஃப்டைம் வாரண்டி' என்ற ஸ்டிக்கரையும் நம்பி உட்காராதீர்கள். பெரும்பாலும் அது முதலில் வாங்கியவருக்கு மட்டும். அங்கீகரித்த டீலரின் பில் வேண்டும், சர்வீஸ் புத்தகத்தில் தவணை தவறாத முத்திரை வேண்டும். ஓ-ரிங், சீட் போன்ற தேய்மானச் சாமான்களும் கூலியும் பொதுவாக அதில் சேராது. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, சென்னையில் செல்லுமா என்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

டீலரே தகராறு செய்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்: அம்பத்தூர்க்காரர்கள் சென்னைக்கு, ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூருக்கு. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 87-வது பிரிவைப் பாருங்கள். பொருளை மாற்றியமைத்திருந்தால், அதனால் விளைந்த கேட்டுக்கு விற்றவர் மேல் வழக்கு நிற்காது. வைஸின் பல்தடம் எதிர்த்தரப்புக்குச் சாட்சி.

வீட்டில் ஸ்பானர் எடுக்காமலே பார்க்கக்கூடியவை உண்டு. சிலிண்டரில் மாட்டாமல், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயை அதன் மூடியால் அடைத்துவிட்டு மூச்சை உறிஞ்சுங்கள்; காற்று வந்தால் எங்கோ ஓட்டை. காற்று வரும் வாயில் ஒரு சின்ன உலோக வடிகட்டி தெரியும். பச்சையாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு. அலசும்போது மூடியைப் போட்டே அலசுங்கள், காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அமுக்காதீர்கள். எங்கள் பக்கத்து உப்புப் போர் தண்ணீர் வேண்டாம், மெட்ரோ தண்ணீர் பிடித்து வையுங்கள்.

அண்ணன் மகனின் ரெகுலேட்டர் இப்போது சர்வீஸ் சென்டரில் இருக்கிறது, முழுச் செலவும் என் தலையில். நேற்று பட்டறை அண்ணன் போன் செய்தார். "தம்பி, இன்னொரு செட்டு இருக்குன்னியே, எப்ப எடுத்துட்டு வர்ற?"