வாக்கு போனால் குரலும் போகும்

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா உறுப்பினரானார். 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோனது. மாவனல்லைத் தோட்ட லயங்களில் இருந்தோரும் இதற்குத் தப்பவில்லை.

தொண்டமான் 1960ல் நியமன உறுப்பினராகவே பாராளுமன்றம் திரும்பினார். மக்கள் வாக்கால் மீண்டும் வென்றது 1977ல். முப்பது ஆண்டுகள் கழித்து! 1978ல் அமைச்சரானார், தொழிற்சங்கத்தையும் விடவில்லை. 1986 ஜனவரியில் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் நடந்தது. அவ்வாண்டிலும் 1988லும் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டங்கள் நிறைவேறின. அவர் 1999ல் மறைந்தார்.

இடம்பெயர்ந்து வாழும் அன்பர்களே, வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் உண்டா? கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். பெயர் இல்லாதவரின் காணிக் கோரிக்கைக்காகச் சபையில் பேச யார் முன்வருவார்?