நீரோர நடைப்பயிற்சி: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு எல்லை பாக் விரிகுடா ஆகும். கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என நீளும் இக்கடற்கரையில் நிலம் பெரும்பாலும் சமதளமாகவே உள்ளது. மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அலையாத்திக் காடு வளர்ந்துள்ளது. ஏற்ற இறக்கம் இல்லாத இத்தகைய இடங்கள், மெதுவாக நடக்க விரும்பும் முதியோருக்கும் நீண்டகால நோயுடன் வாழ்வோருக்கும் உகந்தவையாகத் தோன்றும். எனினும், ஒரு பாதை எளிதானதா என்பதை மேடு பள்ளம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிழல், காற்றின் ஈரப்பதம், காலடி மண், திரும்பி வர வேண்டிய தொலைவு ஆகியவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

எவ்வளவு நடக்கலாம்?

பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நோய்களுடன் வாழ்வோருக்கும் இது பொருந்தும். இந்த அளவை எட்ட இயலாதவர்கள் தம்மால் இயன்ற அளவு நடந்தாலும் நன்மை உண்டு.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்ட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கப்பட்டது. இந்த 8 கிலோமீட்டரை நோயாளிகள் தமக்குரிய இலக்காகக் கொள்ள வேண்டியதில்லை. முதல் வாரம் 10 நிமிடங்களில் தொடங்கி, சிரமமின்றி நடக்க முடிந்தால் சில நிமிடங்கள் வீதம் கூட்டலாம்.

நடக்கும்போது பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியாத அளவிற்கு மூச்சு சற்று வேகமாக இருக்கலாம். இதுவே மிதமான வேகம். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கவும்.

திரும்பும் இடத்தை முன்பே முடிவு செய்யவும்

நீரோரப் பாதைகளில் பெரும்பாலும் போன வழியே திரும்ப வேண்டியிருக்கும். களைப்பு தெரிந்த பிறகு திரும்பினால், அதே தொலைவைக் களைப்புடனும் ஏறிய வெயிலுடனும் கடக்க நேரும். எனவே, உங்களால் 20 நிமிடங்கள் நடக்க முடியுமெனில், 8 அல்லது 10 நிமிடங்களில் திரும்பிவிடுங்கள். காற்றுக்கு எதிராகத் தொடங்கினால், திரும்பும்போது காற்று உங்களுக்குத் துணையாக இருக்கும்.

வெயிலும் ஈரக்காற்றும்

வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் வெப்பம் தணியாமல் தங்கிவிடுகிறது. காலை 8 மணிக்கு முன்போ, மாலை வெயில் தணிந்த பின்போ நடப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை.

சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கு நீரிழப்பு விரைவில் ஏற்படலாம். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றிற்காக நீரின் அளவு குறைக்கப்பட்டவர்கள், எவ்வளவு குடிக்கலாம் என மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

காலடியில் கவனம்

அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப் போல மேல்நோக்கி நீண்டிருக்கும். பார்வை குறைந்தோரும் காலில் உணர்ச்சி குறைந்தோரும் அவற்றில் தடுக்கி விழ வாய்ப்புண்டு. கெட்டிப்பட்ட பாதையை விட்டு இறங்க வேண்டாம். உலர்ந்த மணலில் கால் புதைவதால் அதே தொலைவிற்கு அதிக உழைப்பு தேவைப்படும், மூட்டுவலியும் கூடலாம்.

இவ்வகைக் காடுகளில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலை உண்டாக்கும். கிளைகளை ஒடிக்காதீர்கள். பால் பட்டுவிட்டால் தூய நீரால் நன்கு கழுவி, உடனே மருத்துவரை அணுகவும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

• வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. சிப்பி கிழித்தாலும் மணல் சுட்டாலும் உணர்ச்சி குறைந்த பாதம் அதை அறியாது. வீடு திரும்பியதும் விரலிடுக்குகள் உட்பட இரு பாதங்களையும் பார்க்கவும்.
• ஆறாத புண் இருந்தால் கழிமுக நீரில் கால் நனைக்க வேண்டாம். அந்நீரில் வாழும் சில கிருமிகள் நீரிழிவு, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கடும் தொற்றை ஏற்படுத்தக்கூடும்.
• இன்சுலின் அல்லது சர்க்கரையை மிகவும் தாழச் செய்யக்கூடிய மாத்திரை எடுப்போர், நடப்பதற்கு முன் அளவு 90 மி.கி.க்குக் கீழ் இருந்தால் சிற்றுண்டி உண்ட பிறகே கிளம்பவும்.
• நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் ஏற்பட்டால் உட்கார்ந்து, 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து பருகவும். 15 நிமிடங்களில் சரியாகாவிட்டால் மீண்டும் பருகவும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சக்கர நாற்காலியில் செல்வோருக்கு

மணலிலும் சேற்றிலும் சக்கரம் புதையும். பாதை கெட்டியாகவும், குறைந்தது 3 அடி அகலமாகவும் இருக்க வேண்டும். சாய்தளம் இருப்பின், 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளமாவது வேண்டும். நாற்காலி திரும்ப இடமும், பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் உள்ளனவா எனப் பராமரிப்பவர் ஒருமுறை தனியே சென்று பார்த்துவருவது நல்லது.

பராமரிப்போர் செய்ய வேண்டியவை

பக்கவாதத்திற்குப் பின் நடப்பவருடன் செல்லும்போது, அவரது வலுக்குறைந்த பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி நடக்கவும். அவரது கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். பார்வை குறைந்தவர் உங்கள் முழங்கையைப் பற்றிக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னே செல்லவும். நோயாளியின் வேகமே இருவருக்கும் உரிய வேகம். அவர் ‘போதும்’ என்றால், இன்னும் சிறிது தூரம்தான் என வற்புறுத்த வேண்டாம்.

குடிநீர், மருந்துச் சீட்டின் நகல், சர்க்கரை, கைப்பேசி ஆகியவற்றை எடுத்துச் செல்லவும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், அது நோயாளியின் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எங்குள்ளது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளவும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் அழுத்தம். தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி
• ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத்திணறல்
• முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல்
• உடல் கொதித்து, மனக்குழப்பம் ஏற்படுதல்

இவற்றில் ஒன்று தோன்றினாலும் 108ஐ அழைக்கவும். ஊர்ப் பெயருடன், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து எந்த வழியே வர வேண்டும் என்பதையும் கூறவும்.

அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ நேர்ந்தவர்கள், கட்டுப்படாத இரத்த அழுத்தம், பாதப்புண் அல்லது காய்ச்சல் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி நடைப்பயிற்சியைத் தொடங்க வேண்டாம். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.